ஆளுக்குப் பாதியாக ஒரு மீன் தொட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கலியாணம் முடித்துக் கல்முனைக்குடிக்கு வந்தேன். என் சொந்த ஊர் சம்மாந்துறை. பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனாலும் மாப்பிள்ளையாக வந்து இறங்கியவனுக்கு அது வேறு நாடு மாதிரித்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணின் வாப்பா, தான் காலமெல்லாம் உழைத்துக் கட்டிய கல்வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார். என் மாமாவும் அப்படித்தான் ஒதுங்கினார். நான் வந்த அன்றிலிருந்து அந்தப் பெரிய வீட்டின் முன் ஹோலுக்குள் அவர் சாதாரணமாகக் கால் வைத்ததை நான் கண்டதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாமனாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பது மிகக் குறைவு. மாமி என்றால் கதவுக்குப் பின்னால்தான். சண்டையோ மனத்தாங்கலோ ஒன்றுமில்லை, எல்லாம் மரியாதைதான். மாமாவுக்குக் கல்முனைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடை இருந்தது. கடையில் நிற்கும்போது அவருடைய சத்தம் சந்தி வரைக்கும் கேட்கும். அதே மனிதர் வளவுக்குள் என்னைக் கண்டுவிட்டால் தொண்டையைச் செருமுவார், தோளில் கிடக்கும் துவாயைச் சரிசெய்வார், "சாப்பிட்டாச்சா மகன்?" என்று நிலத்தைப் பார்த்துக் கேட்பார். நானும் நிலத்தைப் பார்த்து "ஓம் மாமா" என்பேன். அதோடு அன்றைய கதை முடிந்துவிடும்.

எனக்கு வாப்பா இல்லை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்கு முன்பே அவர் மௌத்தாகிவிட்டார். முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை. கலியாணம் பேசும்போது எனக்குள் இருந்த ஆசையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மற்றவர்கள் பெண்ணைப் பற்றி யோசித்திருப்பார்கள். நான் பெண்ணின் வாப்பாவைப் பற்றியும் யோசித்தேன். ஒரு வீட்டில், ஒரு பெரிய மனிதருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை கதைக்கவேண்டும், அவர் ஏதாவது சொல்லி என்னைக் கேலி பண்ணவேண்டும், நான் சிரிக்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதுதான் எனக்குக் கிடைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் நான் ஹோர்லிக்ஸ் போத்தலில் மீன் வளர்த்த கதையை ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். வெளியூரில் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு டாக்டரின் வீட்டில் பெரிய கண்ணாடித் தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றதையும் சொன்னேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவள் அதைப் பின்வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அடுத்த கிழமை நான் கந்தோரில் வேலை முடிந்து வந்தபோது ஹோலின் சுவரோரத்தில் மேசன் ஒருவர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, மீன் தொட்டிக்கு மேடை என்றார்.

மாமாவுக்கு இரும்புக்கடை இருந்தது வசதியாகப் போயிற்று. கோண இரும்பில் சட்டம் அடித்து, தடித்த கண்ணாடி பொருத்தி, தண்ணீர் கசியாமல் மூலைகளில் பட்டி வைத்து, ஆறடி நீளத்தில் ஒரு தொட்டி தயாரானது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் அப்படியொன்று இருந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு கடை ஆட்கள் அதைத் தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். மாமா வாசலில் நின்றபடியே "மெல்ல, மெல்ல" என்று சத்தம் போட்டார். நான் அறைக்குள்ளிருந்து வெளியே வந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

தொட்டி வந்துவிட்டது. உள்ளே என்ன போடுவது என்ற யோசனைதான் இனி. அந்த நாட்களைப் போலச் சந்தோசமான நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. நானும் மாமாவும் ஒரே விஷயத்தை இரவு பகலாக யோசித்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. மனைவிதான் முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் நடந்தாள்.

மாமாவுக்கு வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் இருந்தது. அங்கே வாய்க்காலிலும் குளத்திலும் கிடக்கும் மீன்களில்தான் அவருக்குப் பிரியம். பக்கவாட்டில் கறுப்புப் பொட்டு வைத்த சின்னக் கெண்டைகள், மஞ்சள் உடம்பில் புள்ளி போட்ட ஒரு தட்டை மீன். கறிக்கு ஆகாதென்று வயல்காரர் திருப்பி எறிந்துவிடும் அந்த மீன்களை மாமா கண்ணாடிக்குள் பார்க்க ஆசைப்பட்டார். நான் கடை மீன்களை நினைத்திருந்தேன். தங்க மீன், கறுப்பு மொலி, விசிறி மாதிரி செட்டை விரிக்கும் ஏஞ்சல். செடிகளிலும் அப்படித்தான். நான் கொழும்பில் வாங்கும் ரிப்பன் புல்லைச் சொன்னேன். அவர் குளத்தில் கிடக்கும் வேலம்பாசியையும் கொட்டியையும் சொல்லி அனுப்பினார். கொட்டிக்கிழங்கை அவித்துத் தின்பதுதான் எனக்குத் தெரியும். அதன் இலை தண்ணீருக்குள் சுருள் சுருளாக நெளிந்து நிற்கும் என்று மாமா சொல்லியனுப்பியபோது நான் நம்பவில்லை. அவர் ஒரு வாளியில் கொண்டுவந்து பின் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது.

கடற்கரை பக்கத்தில்தான் இருந்தது, ஆனாலும் அந்த மணல் உதவாது, உப்பு இறங்கும். அதனால் ஆற்று மணல் ஏற்றி வந்து, தண்ணீர் தெளியும்வரை கழுவினோம். நான் முன் கிணற்றடியில் கழுவினேன், அவர் பின் கிணற்றடியில் கழுவினார். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரே தொட்டிக்கு இரண்டு கிணற்றடியில் மணல்.

எந்த மீன் எந்த மீனோடு ஒத்துப்போகும் என்பதுதான் பெரிய கேள்வி. மாமா பின் வளவில் ஒரு சீமெந்துத் தொட்டியில் சோதனை நடத்தினார். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு ரயிலில் பொலித்தீன் பையோடு நான் கொண்டுவந்த இரண்டொரு மீனை அதற்குள் விட்டு, தன் வாய்க்கால் மீன்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுப் பார்த்தார். எது எதைத் துரத்துகிறது, எது ஒதுங்கி நிற்கிறது, எது செட்டையைக் கடிக்கிறது என்று குந்தியிருந்து பார்ப்பாராம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று மாமி சொன்னதாக மனைவி வந்து சொன்னாள். பனையேறி மீன் அந்தச் சோதனையில் தேறவில்லை. பக்கத்தில் வந்ததையெல்லாம் கொத்தியது, ஒருநாள் தொட்டியை விட்டே வெளியே பாய்ந்து கோழிக்கூட்டுப் பக்கம் ஊர்ந்து போயிருந்தது. விராலை மாமாவே வேண்டாமென்று தள்ளிவிட்டார். ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் அதற்குச் சாப்பாடு.

இவ்வளவு ஆராய்ந்தும் தொட்டி வெறும் தண்ணீரோடுதான் கிடந்தது. காரணம் எங்கள் இரண்டு பேரின் மரியாதை. தங்க மீன் மண்ணைக் கிளறிச் செடியைப் பிடுங்கும் என்று கொழும்பு மீன் கடைக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆகவே மாமாவின் கொட்டிக்காகத் தங்க மீனை விட்டுவிடலாம் என்று சொல்லியனுப்பினேன். அவரோ, மாப்பிள்ளை ஆசைப்பட்ட மீன் இருக்கட்டும், கொட்டி வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். நான், மாமாவின் செடிதான் முதலில் என்றேன். அவர், மாப்பிள்ளையின் மீன்தான் முதலில் என்றார். இப்படியே கிழமைக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"இந்தப் பக்கம் வாப்பாட. அந்தப் பக்கம் உங்கட. இனி ஆரும் என்னை நடக்க வைக்காதீங்க" என்றாள்.

அப்படித்தான் முடிவானது. இடது பக்கம் மாமாவின் கொட்டியும் வேலம்பாசியும். தங்க மீன் கிளறாமல் இருக்கக் கொட்டியை மண்சட்டியில் நட்டு, மேலே கூழாங்கற்களை அடுக்கினார். வலது பக்கம் என் ரிப்பன் புல். மீன்களுக்குக் கோடு தெரியாது, அவை எல்லாப் பக்கமும் திரிந்தன. ஏஞ்சல் போய்க் கொட்டி இலைக்குள் நின்றது. கெண்டைகள் கூட்டமாக என் பக்கம் வந்து திரும்பின. அன்று ஊரே எங்கள் ஹோலுக்குள் நின்றது. மாமா வாசற்படியில் நின்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். எல்லோரும் உள்ளே கூப்பிட்டார்கள். கடையில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் பார்ப்பதே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கந்தோரில் தலைவலி வந்து நேரத்தோடு சைக்கிளில் வந்தேன். படலையடியில் இறங்கி யன்னலால் பார்த்தால், மாமா. சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சாரனோடு நிலத்தில் சப்பணம் போட்டு, கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்ட உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. மீனோடு ஏதோ கதைத்தார் போல. என்னோடு கதைக்காத மனிதர் தங்க மீனோடு கதைத்தார். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. என் சைக்கிள் மதிலில் சாய்ந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், சேட்டை வாரிக்கொண்டு குசினி வழியால் போய்விட்டார். அவசரத்தில் செருப்பை விட்டுவிட்டார்.

அந்தச் செருப்புச் சோடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தன் கையால் கட்டிய வீடு. இப்போது என் சைக்கிள் சத்தத்துக்கு அவர் அங்கிருந்து ஓடவேண்டியிருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. செருப்பை எடுத்துக்கொண்டுபோய்ப் பின் வாசலில், அவர் வந்து இலகுவாகக் காலை நுழைக்கிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வந்துபோவது எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் பிறகு வரவே மாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து நான் கந்தோர் முடிந்ததும் வீட்டுக்குப் போவதில்லை. நேராகக் கடற்கரைக்குப் போனேன். இழுத்துப் போட்டிருக்கும் தோணிகளின் நிழலில் உட்கார்ந்து, பொழுதுபட்டுப் பள்ளியில் மஃரிப் வாங்கு சொல்லும்வரை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பி வந்தேன். அந்த நேரம் மாமாவுக்கு. நான் வந்துவிடுவேன் என்ற அவசரமில்லாமல் அவர் ஆறுதலாக உட்கார்ந்து மீன் பார்க்கட்டும். எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் கடற்கரையில் உட்கார்ந்து, இப்போது கெண்டைகள் அவருக்கு முன்னால் வந்திருக்கும், இப்போது அவர் சிரிப்பார் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சந்தோசம் இருந்தது. பெரிய நன்மை செய்வதாக எனக்குள் ஒரு பெருமையும் இருந்ததை மறைக்கக்கூடாது.

காலம் நல்லதில்லை. நாடு குழம்பத் தொடங்கியிருந்தது. இருட்டுவதற்கு முன் எல்லோரும் வீட்டுக்குள் வந்துவிடவேண்டும் என்று பெண்கள் பயந்துகொண்டிருந்த நாட்கள். மனைவி ஒன்றிரண்டு முறை கேட்டாள். கந்தோரில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளை வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் இருப்பது சின்ன விஷயமில்லை. அவருக்கு என்ன குறை வைத்தோம் என்று வீடே நடுங்கிப்போகும். எனக்கு அது உறைக்கவில்லை. மாமி சமைக்கும் கறிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஏதோ என் அதிர்ஷ்டம் என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

ஒருநாள் மஃரிபுக்கு வந்து பார்த்தேன். தொட்டியின் இடது பக்கம் வெறும் மணலாகக் கிடந்தது. கொட்டி இல்லை, வேலம்பாசி இல்லை, மண்சட்டிகளும் இல்லை. கெண்டைகள் ஒன்றுகூட இல்லை. என் மீன்கள் மட்டும் வலது பக்கத்தில் ஒதுங்கி நின்றன. கரிக்கோட்டையும் யாரோ துணியால் துடைத்திருந்தார்கள்.

வாப்பா எல்லாவற்றையும் வயலுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று மனைவி சொன்னாள். மாப்பிள்ளையின் மீன்களுக்கு இடம் காணாது, அவை நன்றாக வளரட்டும் என்று சொன்னாராம். மாரிப் போகம் தொடங்கிவிட்டது, இனி அறுவடை முடியும்வரை வயல் குடிசையில், வாடியில்தான் தங்குவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். கடையை மைத்துனர் பார்த்துக்கொள்வார். அவள் அழாத குறையாகச் சொன்னாள். நான் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அவருடைய மனதை எங்கே நோகடித்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு வரிப்பத்தான்சேனைக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக ஒரே வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பழகினேன். 'மாமா, மீனையும் கொட்டியையும் திரும்பக் கொண்டுவாங்க, நாம ரெண்டு பேரும் இருந்து பார்ப்பம்.' பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அதை உருப்போட்டேன்.

வரம்பில் என்னைக் கண்டதும் மாமா பதறிப்போனார். மாப்பிள்ளை வயல் வாடிக்கு வருவதென்றால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். எல்லோரும் சுகம் என்றதும் அடுத்த பதற்றம் தொடங்கியது. மாப்பிள்ளையை எதில் இருத்துவது? சேட்டைத் தேடிப் போட்டார். பாயை உதறி விரித்தார். ஒருவரைத் தென்னையில் ஏற்றி இளநீர் பறிக்கச் சொன்னார், இன்னொருவரைக் கோழிக்கு அனுப்பினார். அவர் ஓடித்திரிந்தார், நான் பாயில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு வந்தது. தானே கையால் பரிமாறினார். என்னோடு உட்காரவில்லை. நான் உட்காரச் சொல்லவில்லை. மருமகன் மாமாவை உட்காரச் சொல்வதா என்ற கூச்சம்.

பின்னேரம் பஸ்ஸுக்குக் கூட்டிவந்தார். ஒற்றையடி வரம்பு. அவர் முன்னால், நான் பின்னால். அவர் தோளில் எனக்காக ஒரு வாழைக்குலை, கையில் ஈர்க்கில் கோத்த விரால் மீன்கள். முகம் தெரியவில்லை, அது ஒருவகையில் நல்லது, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாயைத் திறக்கப்போனபோது அவர் வாய்க்கால் கட்டில் நின்றார். தண்ணீரைக் காட்டினார்.

"மீனெல்லாம் இதுக்குள்ளதான் உட்டிரிக்கன் மகன். சுகமா இரிக்கும்" என்றார்.

நான் பழகிவந்த வசனத்தில் ஒரு சொல்லாவது வந்திருக்கவேண்டும். "ஓம் மாமா" என்றுதான் வந்தது. அவர் அதற்குமேல் ஏதோ சொல்ல நினைத்த மாதிரி நின்றார். தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வேகமாக நடந்தோம். வாழைக்குலையையும் விராலையும் என் கையில் தந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஒரு வசனம் சொல்லப் போனவன் கறிக்கு மீனோடு வந்து இறங்கினேன்.

அந்த அறுவடை நாட்களிலேயே மாமா மௌத்தாகிவிட்டார். நெற்கதிரைச் சூடு அடிக்கும் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ட்ரக்டரில் ஏற்றிக் கொண்டுவரும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குக் கந்தோருக்கு ஆள் வந்தது. நிக்காஹ் அன்று என் கையைப் பிடித்து மகளைத் தந்தவர். பெருநாளைக்குச் சலாம் சொல்லிக் கை கொடுப்பதை விட்டால், அதற்குப் பிறகு அவரை நான் என் கையால் பிடித்தது மையவாடியில், கப்றுக்குள் நின்று இறக்கும்போதுதான். அவ்வளவு பெரிய சத்தக்காரர், கையில் அவ்வளவு இலேசாக இருந்தார்.

மாமி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தா இருந்தார். அது முடிந்து சில நாள் கழித்து, நான் ஹோலில் தொட்டிக்கு முன்னால் இருந்தபோது குசினிக் கதவடியில் வந்து நின்றார். மாமி என்னோடு நேராகக் கதைத்தது அதுதான் முதல் தரம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கதவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் பின்னேரங்களில் வீட்டுக்கு வராதது மாமாவை உலுக்கிவிட்டதாம். என்ன குறை வைத்தோம் என்று மாமியோடு இருந்து புலம்புவாராம். கரைவலைக்காரர் ஒருவர் கடைக்கு ஆணி வாங்க வந்தபோது, உங்கள் மருமகன் ஒவ்வொரு நாளும் தோணிக்குப் பக்கத்தில் தனியாகக் குந்தியிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். மாமா கடையை விட்டுவிட்டு வந்து, தோணிகளுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தாராம். நான் யாரோடும் கதைக்கவில்லை, எங்கும் போகவில்லை, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து இருந்தேன், வாங்கு கேட்டதும் எழும்பி நேராக வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத்தான் பின் வாசலில் செருப்பு திருப்பி வைத்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்ததாம். வந்து மாமியிடம் சொன்னாராம்.

மாமி அதை அவர் சொன்ன மாதிரியே சொன்னார். "எனக்கு இடம் உட்டுத்தான் அந்தப் புள்ள கடற்கரையில குந்திக்கிட்டு இரிக்கிது. காலம் கெட்டுக் கிடக்கிது. நான் மீனைக் கொண்டு போனாத்தான் அது நேரத்தோட ஊட்டுக்கு வரும்."

அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கோபமும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. நான் இருட்டில் வெளியே இருக்கக்கூடாதென்று, தான் ஆசையாக வளர்த்ததையெல்லாம் வாரிக்கொண்டு வெளியேறியிருக்கிறார். அந்த வரம்பில் நின்றபோது அவரும் இதைத்தான் சொல்லப் பார்த்தாரோ என்னவோ. இனி யாரிடம் கேட்பது?

மாமி போன பிறகு நான் தொட்டிக்குள் கையை விட்டு இடது பக்க மணலைக் கிளறினேன். ஒரு கொட்டிக்கிழங்காவது தவறிக் கிடந்தால் நட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஒன்றும் இல்லை. மாமா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவரல்ல. தங்க மீன்கள் இன்னும் கொஞ்சக் காலம் இருந்தன. பிறகு பட்டி காய்ந்து மூலையில் கசிவு வந்தது. திருத்தித் தரத் தெரிந்தவரும் இல்லை, எனக்கு மனமும் இல்லை. மேடையை உடைத்து அந்த இடத்தில் அலுமாரி வைத்தோம்.

வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. அந்த வழக்கம்தான் என்னை அந்த வீட்டில் ராசாவாக வைத்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அன்பு குறைவாக இருந்ததென்றும் சொல்லமுடியாது. அன்பு இருந்ததால்தான் அவர் எனக்கு வழி விட்டார், நான் அவருக்கு வழி விட்டேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வழி இல்லை. அவர் பக்கத்தில் கொஞ்சம் இடம். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கும்போதுதான் தாங்கமுடியாமல் இருக்கிறது.

இப்போது எனக்கும் மருமகன் வந்துவிட்டார். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின் வளவுக்கு நாங்கள் மாறிவிட்டோம். போன பெருநாளன்று நான் முன் ஹோலுக்குள் போனபோது அவர் டீவி பார்த்துக்கொண்டிருந்தவர் படாரென்று எழும்பினார், துவாயைச் சரிசெய்தார், வெளியே போகப்போனார். நான் கையைப் பிடித்து "இருங்க மகன்" என்றேன். பயந்துபோய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கதைப்பதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டீவியில் என்ன ஓடியதென்றும் எனக்கு ஞாபகமில்லை. அன்று பின் வீட்டுக்கு வந்து படுத்து, மாமாவை நினைத்து நன்றாக அழுதேன். அவ்வளவு சின்ன ஒரு சொல்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தேவைப்பட்டிருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆயுள் பிடித்துவிட்டது.